வில்லையும் ஏடும்: மட்டாஞ்சேரி கற்பிக்கும் உரிமைப் பாடம்

உரிமை என்னும் சொல் இன்று எல்லார் வாயிலும் வழங்குகிறது. பள்ளிச் சிறுவர் சமூகப் பாடத்தில் அடிப்படை உரிமைகளை எண்ணிட்டு மனப்பாடம் செய்கின்றனர். ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1948-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தைப் பற்றி மேடைகளில் பேசுகின்றனர். ஆயினும், உரிமை யாது, சலுகை யாது, இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்று கேட்டால், விடை கூறத் தயங்குவோர் நம்மிற் பலர். வேலை கொடுப்பவர் மனம் இரங்கித் தரும் முன்பணமும், செய்த வேலைக்கு வர வேண்டிய கூலியும் கையில் விழும்போது ஒரே காசாகவே தோன்றுகின்றன. முன்னதை அவர் நாளை நிறுத்திவிடலாம். பின்னதை நிறுத்தினால் நாம் கேள்வி கேட்கலாம். இவ்வேறுபாட்டை அறியாதவர் தம்முடையதைக்கூடக் கைகூப்பி வாங்குவர்.

உரிமைக்குரிய அடையாளங்களாக மூன்றைக் கூறலாம். முதலாவது, எழுத்து: யாருக்கு என்ன உண்டு என்பது பலரும் அறிய எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இரண்டாவது, முறை: ஒருவருடைய விருப்பு வெறுப்பின்படி அன்றி, ஒழுங்கான வரிசைப்படி அது வந்து சேர வேண்டும். மூன்றாவது, பங்கு: விதிகளுக்கு உட்பட்டு வாழ்பவர், அவ்விதிகளை நடத்தும் அவையிலும் அமர்ந்திருக்க வேண்டும். நான்காவது அடையாளமும் ஒன்று உண்டு. அதனை வரலாறே நமக்குக் காட்டும்.

இவ்வடையாளங்களை வைத்து ஓர் ஊரின் வரலாற்றை உரைத்துப் பார்ப்போம். அவ்வூர் கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரி. மிளகும் இஞ்சியும் ஏலமும் மூட்டை மூட்டையாய் ஏறி இறங்கிய கடைத்தெரு அது. யூதரும், கொங்கணியரும், குஜராத்தியரும், கச்சி முஸ்லிம்களும், தமிழரும் வெவ்வேறு காலங்களில் வந்து குடியேறிய இடம். வெளியூரிலிருந்து வந்தவன் எவ்வாறு ஓர் ஊரில் உரிமையுடன் வாழ முடியும் என்னும் கேள்விக்கு, இத்துணைச் சிறிய இடத்தில் இத்துணை விடைகளைக் காண்பது அரிது. பிழைப்புக்காகப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு அக்கேள்வி நாள்தோறும் எழுவதாகும்.

முதலில் செப்பேட்டிலிருந்து தொடங்குவோம். மட்டாஞ்சேரி அரண்மனையை அடுத்து, 1568-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற யூதர் கோயில் இருக்கின்றது. பரதேசி யூதர் கோயில் என்பது அதன் பெயர். அதற்குரிய அருஞ்செல்வமாகப் போற்றப்படுவது பழைய செப்பேட்டுத் தொகுதி ஒன்று. ஏறக்குறைய கி.பி. 1000-ஆம் ஆண்டில் சேரப் பெருமாள் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்து ஈசுப்பு இரப்பான் என்னும் யூத வணிகர் தலைவருக்கு வழங்கிய சாசனம் அது. ஜோசப் ரப்பான் என்று இன்று நாம் குறிப்பிடுவது அவரையே. எழுத்து, வட்டெழுத்து. மொழி, தமிழும் மலையாளமும் முற்றப் பிரியாத காலத்துச் சேர நாட்டு மொழி. ஆதலின் அறிஞர் அதனைப் படித்துக் காட்டும்போது தமிழர் காதுக்குப் பல சொற்கள் அயலாகத் தோன்றுவதில்லை.

அச்சாசனம் எழுபத்திரண்டு விடுபேறுகளை அவருக்கு அளிக்கின்றது. பல்லக்கு, குடை, பகல் விளக்கு, பாவாடை, வடுகப் பறை, காகளம், தோரணம் முதலிய சிறப்புகள் அவற்றுள் பெயர் சுட்டிச் சொல்லப்படுகின்றன. பாவாடை என்பது இங்கு நடக்கும் வழியில் விரிக்கும் துணியைக் குறிக்கும். சுங்கம் பெறும் உரிமையும், நகரத்தார் பிறர் அரசனுக்குச் செலுத்தும் இறைகளிலிருந்து விலக்கும் உடன் கிடைத்தன. அஞ்சுவண்ணம் என்னும் நிலை அவருக்கு அளிக்கப்பட்டது. அஞ்சுவண்ணம் என்பது கடல் கடந்து வந்த வணிகரின் குழு. கி.பி. 849-ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும், தமிழ்நாட்டுக் கிழக்குக் கரைக் கல்வெட்டிலும் இக்குழுவின் பெயரைக் காண்கிறோம். தம்முள் எழும் காரியங்களைத் தாமே பேசித் தீர்த்துக்கொள்ளும் நிலை இத்தகைய குழுக்களுக்கு இருந்தது. அயலவராய் வந்தோர் தம்மைத் தாமே ஆண்டுகொள்ள இந்நாடு இடம் அளித்ததற்கு இச்செப்பேடு ஒரு சான்று. 2017-ஆம் ஆண்டில் நம் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது, கேரளத்து யூதர் செப்பேடுகளின் படிகளையே அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசாக அளித்தார்.

நம் அடையாளங்களைக் கொண்டு இதனை உரைத்துப் பார்ப்போம். எழுத்து உண்டு, செம்பிலேயே உண்டு. சாட்சியாக நாட்டுத் தலைவர்களின் பெயர்களும் உண்டு. முறையும் உண்டு, பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் வழிவழியாகச் செல்லும் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. குழுவின் தன்னாட்சியில் பங்கும் உண்டு. ஆயினும் ஒன்று குறைகின்றது. இவ்வுரிமை ஒரு தலைவருக்கும் அவர் வழியினருக்கும் உரியது. மிளகு மூட்டையைச் சுமந்தவனுக்கும், வயலில் சேறு மிதித்தவனுக்கும் அக்காலத்தில் எவரும் செப்பேடு எழுதித் தந்திலர். குடை பிடிக்கும் உரிமை ஒருவருக்குத் தனிச் சிறப்பாக அளிக்கப்பட்டது என்றால், ஏனையோர் அதனைப் பிடிக்கலாகாது என்பது தானே பொருள்? எனவே நான்காம் அடையாளம் இங்கே வெளிப்படுகின்றது. அது, யாவர்க்கும் உரியதாதல். சிலர்க்கு மட்டும் உரியது எத்துணைப் பழமையுடையதாயினும் சிறப்புரிமை ஆகுமேயன்றி மனித உரிமை ஆகாது.

இக்குறை அந்த வழிபாட்டிடத்தின் உள்ளேயே விளைந்தது என்பது நினைக்கத்தக்கது. அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றோரின் வழிவந்த யூதர், பரதேசி யூதர் கோயிலின் உள்ளே மற்றவரோடு சமமாக அமர்ந்து வழிபட நெடுங்காலம் அனுமதிக்கப்படவில்லை. முன்கட்டே அவர்க்கு இடமாக இருந்தது. ஒரே வேதம், ஒரே மொழி வழிபாடு. எனினும் இருக்கை வேறு. அவ்வகுப்பில் 1882-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராகவும் விளங்கினார். காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி, தம் சமுதாயத்தின் வழிபாட்டிடத்திலேயே அறப்போர் தொடங்கினார். வன்சொல் கூறாமலும் பின்வாங்காமலும் அவர் நடத்திய முயற்சியால் அத்தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. யூதக் காந்தி என்று மக்கள் அவரை அழைத்தனர். 1967-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டமையால், இன்று மட்டாஞ்சேரியில் அவ்வகுப்பினர் மிகச் சிலரே. அயலார் செய்யும் வேற்றுமையைக் கண்டு வருந்தும் சமுதாயம், தன்னுள் தான் செய்யும் வேற்றுமையையும் காண வேண்டும் என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.

வெளியிலிருந்து வந்தவர் நிலை இதுவாயின், மண்ணின் மக்களின் நிலை யாது? கொச்சி நாட்டின் நெல்வயல்களைக் கரையிட்டுக் காத்து விளைவித்தவர் புலையர் மக்கள். அவர்கள் ஒன்றுகூடிப் பேச நிலத்தில் இடம் இல்லாதிருந்தது. அந்நிலையில், 1913-ஆம் ஆண்டில் கொச்சிக் காயலில் வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்து, அவற்றின்மேல் கூடி மாநாடு நடத்தினர். காயல் சம்மேளனம் என்று அது பெயர்பெற்றது. நிலம் தடுக்கப்பட்டால் நீர் இருக்கின்றது என்று அம்மக்கள் கண்ட வழி அது. கிருஷ்ணாதி ஆசான் முதலியோர் அவ்வியக்கத்தில் முன்னின்றனர். மீனவர் குலத்திற் பிறந்த புலவர் பண்டிதர் கே. பி. கருப்பன் அவர்களுக்குத் துணையாக நின்றார். கொச்சிப் புலையர் மகாசபை இவ்வாறு தோன்றியது. கருப்பன் 1925-ஆம் ஆண்டில் கொச்சிச் சட்டசபைக்கு நியமிக்கப்பெற்று, ஒடுக்கப்பட்டோர் குரலை அவையில் ஒலித்தார்.

காயலில் அம்மாநாடு கூடுவதற்கு ஓராண்டு முன்னர், 1912-ஆம் ஆண்டில், அக்காயலின் நடுவே கிடக்கும் முளவுகாடு தீவில் ஒரு புலையர் குடும்பத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாட்சாயணி வேலாயுதன் என்று பின்னாளில் புகழ்பெற்ற அவர், கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் தலித் பெண்மணி எனப் போற்றப்படுகின்றார். 1946-ஆம் ஆண்டில் அவர் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது சென்னை மாகாணம் என்பது தமிழர்க்குப் பெருமை தருவது. அச்சபையில் இருந்த ஒரே தலித் பெண் உறுப்பினர் அவரே. 1948-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், தீண்டாமையை ஒழிக்கும் விதியை அச்சபை ஏற்றபோது, அவரும் எழுந்து பேசினார். அவ்விதியே இன்று நம் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு. நிலத்தில் கூட இடமின்றி வள்ளத்தில் கூடிய மக்களிடையே தோன்றிய ஒருவர், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் நாட்டின் அடிப்படைச் சட்டத்தை எழுதும் அவையில் அமர்ந்தார். யாவர்க்கும் உரியதாதல் என்னும் நான்காம் அடையாளம் இவ்வாறு எழுத்தில் ஏறியது.

ஆனால், எழுத்தில் ஏறியது உடனே தெருவுக்கு இறங்கிவிடுவதில்லை. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பின்னரும், மட்டாஞ்சேரியின் துறைமுகத் தொழிலாளர் காலையில் எழுந்து சென்று எதிர்நோக்கியது ஒரு வில்லையையே. அவ்வில்லைக்குச் சாப்பா என்று பெயர். முத்திரை என்னும் பொருளில் வழங்கும் சொல் அது. உலோகத்தால் ஆன சிறு தகடு. அதனைக் கையில் உடையவனுக்கே அன்று வேலை.

இம்முறை எவ்வாறு நடந்தது என்பதை விளக்குவோம். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் பொறுப்பை ஒப்பந்தக்காரர் ஏற்றிருந்தனர். அவர்கள் நேரே ஆள் எடுப்பதில்லை. இடையில் மூப்பன் என்னும் ஆள் மேஸ்திரி நின்றான். கப்பல் வரும் நாளும் அதன் சரக்கும் மாறுபடுமாதலின், வேண்டும் ஆட்களின் தொகையும் நாள்தோறும் மாறும். வேலைக்கு வருவோர் தொகையோ எப்போதும் தேவைக்கு மிகுதியாகவே இருந்தது. மூப்பன் வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே எறிவான். பசித்த மக்கள் அவற்றின்மீது பாய்வர். கைகள் மிதிபடும், நண்பரும் உறவினரும் ஒருவரையொருவர் தள்ளுவர். வலியவன் எடுத்துக்கொள்வான், மூத்தவனும் மெலிந்தவனும் வெறுங்கையுடன் வீடு திரும்புவர். எடுத்தவனுக்கும் நிம்மதி இல்லை. அவன் கூலியில் மூப்பனுக்கும் ஒரு பகுதி போயிற்று. இன்று கிடைத்தது நாளை கிடைக்கும் என்னும் உறுதியும் இல்லை.

நம் மூன்று அடையாளங்களுள் ஒன்றேனும் இம்முறையில் உண்டா என்று பாருங்கள். தொழிலாளியின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வரிசை இல்லை, எறிபவன் கை எப்பக்கம் திரும்புகின்றதோ அப்பக்கமே அன்றைய சோறு. ஆட்களைப் பிரிக்கும் அதிகாரத்தில் தொழிலாளிக்குப் பங்கும் இல்லை. இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. உழைப்பவரை ஒருவர்மேல் ஒருவர் பாயச் செய்வதால், அவர்கள் ஒன்றுகூடுவதை இம்முறை நாள்தோறும் தடுத்தது.

இத்தகைய கொடுமை மட்டாஞ்சேரிக்கு மட்டும் உரியதன்று. இலண்டன், லிவர்ப்பூல் துறைமுகங்களிலும் தொழிலாளர் காலையில் கூட்டமாக நின்று, மேஸ்திரி கைகாட்டி அழைப்பதை எதிர்நோக்கிய காலம் உண்டு. 1889-ஆம் ஆண்டு இலண்டன் துறைமுக வேலைநிறுத்தம் உலகறிந்தது. நம் தமிழ் மக்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கண்டதோ துண்டு முறை. தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமானால், அவன் பட்ட கடனைக் குறித்த ஒரு துண்டுக் காகிதம் வேண்டும்; அதனை வைத்துக் கங்காணியும் துரையும் ஆளைக் கைமாற்றினர். 1921-ஆம் ஆண்டில் சட்டத்தால் அது ஒழிந்தது. ஓரிடத்தில் தகடு, ஓரிடத்தில் காகிதம், ஓரிடத்தில் கைவிரல். பொருள் வேறாயினும், மனிதனின் பிழைப்பை மற்றொரு மனிதனின் மனப்போக்கில் தொங்கவிட்டது ஒன்றே.

மட்டாஞ்சேரித் தொழிலாளர் சங்கம் அமைத்தனர். வில்லை எறியும் முறை ஒழிய வேண்டும் என்று கேட்டனர். 1953-ஆம் ஆண்டில் வேலைநிறுத்தம் மூண்டு, இரண்டு திங்களுக்கு மேல் நீடித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் காவல்துறையினர் துப்பாக்கியால் சுட்டனர். சைது, சைதலவி என்னும் தொழிலாளர் இருவர் உயிர் நீத்தனர். காவலில் வைத்து வதைக்கப்பட்ட அந்தோணி என்பவர் பின்னர் இறந்தார். அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் முதலமைச்சராய் இருந்தவர் ஏ. ஜே. ஜான். அம்மூவருடைய பெயர்களும் மட்டாஞ்சேரியில் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றன. இராஜீவ் ரவி இயக்கி 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த 'துறமுகம்' என்னும் மலையாளத் திரைப்படம், கே. எம். சிதம்பரன் எழுதிய நாடகத்தை அடிப்படையாகக் கொண்டு இவ்வரலாற்றையே காட்டியது. அவர்கள் கேட்டது அரசையும் அன்று, செல்வத்தையும் அன்று. வேலையை எறிந்து கொடுக்காமல், பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

வில்லைக்கு மாற்றாக வந்தது யாது? மத்திய அரசு 1948-ஆம் ஆண்டிலேயே துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டத்தை இயற்றியிருந்தது. அச்சட்டத்தின் கீழ் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்திட்டம் வகுக்க வேண்டும். பம்பாயில் 1951-ஆம் ஆண்டில் வாரியம் அமைந்தது. கொச்சிக்குரிய திட்டம் 1959-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சட்டம் இருந்தும், திட்டம் வரும்வரை கொச்சித் தொழிலாளர் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்விடைக்காலத்தில்தான் அம்மூவர் மாண்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. ஏட்டுச் சட்டத்துக்கும் எட்டும் சட்டத்துக்கும் இடையே உள்ள தொலைவு சில சமயம் உயிர்களால் அளக்கப்படுகின்றது.

இத்தகைய வாரியங்கள் வேலை செய்யும் விதம் எளிதில் விளங்கக்கூடியது. முதற்கண், தொழிலாளர் பெயர்களை எல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதினர். பதிவு பெற்றவர்க்கு வரிசைமுறைப்படி வேலை பிரித்துத் தரப்பட்டது. நேற்று வேலை செய்த குழு இன்று வரிசையில் பின்னே செல்லும். வேலைக்கு வந்து, கப்பல் இல்லாமையால் திரும்ப நேர்ந்தால், வந்ததற்காக ஒரு படி உண்டு. மாதத்தில் குறைந்த அளவு இத்தனை நாட்களுக்குக் கூலி என்னும் உறுதியும் உண்டு. வாரியத்தில் அரசு, தொழிலாளர், வேலை கொடுப்போர் ஆகிய மூன்று தரப்பினர்க்கும் சம எண்ணிக்கையில் இடம் அளிக்கப்பட்டது. எழுத்து, முறை, பங்கு என்னும் மூன்றும் இங்கே ஒருங்கே அமைந்திருக்கக் காண்கிறோம். அடிப்படையில் நிகழ்ந்த மாறுதல் மிகச் சிறியது போலத் தோன்றும்: ஒரு தகட்டின் இடத்தை ஒரு நோட்டுப் புத்தகம் பிடித்தது. ஆயினும் அம்மாறுதலால் ஒரு மனிதன் குனிந்து பொறுக்குவது நின்றது. நிமிர்ந்து நின்று தன் பெயரைச் சொல்லுவது தொடங்கிற்று.

இக்கருத்து துறைமுகத்தோடு நின்றுவிடவில்லை. தலையிலும் முதுகிலும் சுமை தூக்கும் தொழிலாளர்க்காக மகாராஷ்டிரம் 1969-ஆம் ஆண்டில் மாத்தாடித் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. கேரளம் 1978-ஆம் ஆண்டில் சுமைத் தொழிலாளர் சட்டம் செய்தது. தமிழ்நாடு 1982-ஆம் ஆண்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. பெயரைப் பதிவு செய்தல், வாரியம் அமைத்தல், அதில் தொழிலாளர்க்கு இடம் அளித்தல் என்னும் வழியையே இவையும் பின்பற்றின.

பதிவேடு வந்துவிட்டால் எல்லாம் நிலைத்துவிடும் என்று எண்ணுதலும் பிழையாகும். கொள்கலப் பெட்டிகளும் பாரந்தூக்கிகளும் வந்தபின் துறைமுகத்தில் ஆட்தேவை குறைந்தது. துறைமுகத் தொழிலாளர் வாரியங்களைத் துறைமுக நிர்வாகங்களோடு இணைக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. இங்கிலாந்தில் 1947-ஆம் ஆண்டில் தொடங்கிய துறைமுகத் தொழிலாளர் திட்டம் 1989-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. எந்திரம் மாறும்போது, தொழில் மாறும்போது, உரிமையை மீண்டும் புதிய ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கின்றது. எழுதிய ஏட்டைக் காப்பது, முதலில் அதனை எழுதச் செய்ததைக் காட்டிலும் நீண்ட வேலை.

மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சியில் தமிழர்க்கு நெருங்கிய சான்று ஒன்றும் உண்டு. வெளி என்னும் பகுதியில் துணி வெளுக்கும் களம் ஒன்று இருக்கின்றது. தோபிகானா என்று அதனை வழங்குவர். அங்கே உழைப்பவர் தமிழ் பேசும் வண்ணார் குடும்பத்தினர். கொச்சி 1663 முதல் 1795 வரை ஒல்லாந்தர் எனப்பட்ட டச்சுக்காரர் வசம் இருந்தது. அவர்கள் தம் படைவீரர்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து தம் முன்னோரை அழைத்து வந்தனர் என்று அம்மக்கள் கூறிவருகின்றனர். ஊரில் கொடி பல மாறின. படைவீரர் போயினர், பின்னர் விடுதிகளும் மருத்துவமனைகளும் இல்லங்களும் அவர்களுக்குத் துணி கொடுத்தன. துவைகல்லின் ஓசை மட்டும் மாறவில்லை.

1976-ஆம் ஆண்டில் பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமம் அங்குத் துவைக்கும் அறைகளும் தண்ணீர்த் தொட்டிகளும் கொண்ட பொதுக்களத்தைக் கட்டித் தந்தது. அதனை நடத்துவோர் அம்மக்களின் சங்கத்தினரே. ஒவ்வொருவருக்கும் உரிய துவைகல் இது என்னும் ஒழுங்கு உண்டு. கஞ்சியிட்ட துணிகளை முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே செருகி, கவ்வி ஏதும் இன்றிக் காய வைக்கின்றனர். பிறந்த ஊரில் சாதித் தொழில் என்று இழிவாக எண்ணப்பட்ட வேலை இங்கே ஒரு சங்கத்தின் தொழிலாக நிற்கின்றது. வீடுதோறும் வாசலில் நின்று பழையது வாங்கும் நிலைக்கும், கூலியைப் பேசி வாங்கும் நிலைக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. உழைப்பு கடினமே, இளைஞர் பலர் வேறு தொழிலை நாடுவதும் இயல்பே. ஆயினும், அயலூரில் வேரூன்றிய தமிழர் தம் களத்தைத் தாமே நிர்வகிப்பது, சிறிய அளவில் ஒரு தன்னாட்சியாகும். பங்கு என்னும் அடையாளம் அங்கே கண்கூடாக விளங்குகின்றது.

இனி, இவ்வரலாற்றால் நமக்கு ஆவது யாது என்று கேட்கலாம். கொச்சியில் வில்லிங்டன் தீவை ஒட்டிய வாத்துருத்தியில் தமிழ்த் தொழிலாளர் பலர் வாழ்கின்றனர். மும்பையிலும் பெங்களூரிலும் சூரத்திலும் தில்லியிலும் நம்மவர் வாழ்கின்றனர். பல நகரங்களில் விடியற்காலையில் நாற்சந்தியில் நின்று, யார் அழைப்பார் என்று எதிர்நோக்கும் தொழிலாளரை இன்றும் காண்கிறோம். அங்கே வில்லையை எவரும் எறிவதில்லை. ஆனால் எறியும் கை இன்னும் இருக்கின்றது. அக்கையை நம்பி நிற்பதற்கு மாறாக, நம் பெயர் இருக்க வேண்டிய ஏடுகள் எவை என்று அறிந்துகொள்வது முதற்கடமை.

அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு, இந்தியாவின் எப்பகுதிக்கும் சென்று குடியிருக்கும் உரிமையை நமக்கு அளிக்கின்றது. 23-ஆம் பிரிவு கட்டாய வேலையைத் தடுக்கின்றது. 1956-ஆம் ஆண்டில் சேர்க்கப்பெற்ற 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கு வசதி செய்தல் வேண்டும் என்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்ப்பதற்கு அவ்வூரில் பிறந்திருக்க வேண்டியதில்லை. அங்கே வழக்கமாக வசித்தல் போதும். ஒரே நாடு ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தால், தமிழ்நாட்டில் பெற்ற, உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட அட்டையைக் கொண்டு பிற மாநிலத்திலும் தானியம் பெறலாம். அமைப்புசாராத் தொழிலாளர்க்காக 2021-ஆம் ஆண்டில் இ-ஷ்ரம் என்னும் தேசியப் பதிவேடு தொடங்கப்பட்டது. மாநிலம் கடந்து வேலை செய்வோர்க்கென 1979-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தனிச்சட்டம், 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பினுள் அடக்கப்பட்டது.

இவ்வேடுகளில் பெயர் ஏறுவது தொடக்கமேயாகும். பங்கு என்னும் அடையாளத்தையும் நாம் மறத்தலாகாது. கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எறணாகுளம் நகராட்சிகளை இணைத்து 1967-ஆம் ஆண்டில் கொச்சி மாநகராட்சி அமைந்தது. 1992-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கும் வார்டுக் குழுக்களுக்கும் உறுதியான இடம் தந்தது. தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, பள்ளி என்னும் காரியங்கள் அங்கே பேசப்படுகின்றன. நம் தெருவின் காரியம் பேசப்படும் நாளில் நாம் அங்கே இல்லையெனில், நமக்காக மற்றொருவர் பேசுவார். அல்லது எவரும் பேசார். மொழி தெரியவில்லை என்று ஒதுங்குவதும் கூடாது. வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்றுக்கொள்வது நம் மொழியை இழப்பதாகாது. வெளியிலுள்ள வண்ணார் மக்கள் மலையாளத்தில் விலை பேசுகின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர்.

தொழிற்சங்கத்திலும், குடியிருப்போர் சங்கத்திலும், தமிழ்ச் சங்கத்திலும் பெண்கள், இளைஞர், எளியோர் ஆகியோர்க்கு இடம் உண்டா என்று நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். முன்கட்டில் சிலரை நிறுத்திவிட்டு உள்ளே அமர்வது எக்காலத்திலும் எளிது. சேலம் எழுப்பிய கேள்வி நம் சங்கங்களுக்கும் உரியதே.

நம் பிள்ளைகள் பள்ளியில் சமூகப் பாடம் படிக்கின்றனர். அரசர் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் அவர்கள் ஒப்பிக்கின்றனர். அவற்றோடு, காயலில் வள்ளங்களைப் பிணைத்துக் கூடிய மக்களையும், வில்லைக்குப் பதில் ஏட்டைக் கேட்ட தொழிலாளரையும், தம் களத்தைத் தாமே நடத்தும் வண்ணார் குடும்பங்களையும் அறிந்துகொள்ளட்டும். தாம் வாழும் ஊரின் தெருக்களில் இத்தகைய வரலாறு எது உள்ளது என்று அவர்களே கேட்டறியட்டும். எந்த ஊரிலும் அது இல்லாமற் போகாது.

தரப்படுவதைப் பெறும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கே: இது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? எந்த முறைப்படி வருகின்றது? இதனை நடத்துவோருள் எம்மவர் உண்டா? எம் பக்கத்தில் நிற்பவர்க்கும் இது உண்டா? நான்குக்கும் விடை கிடைக்குமாயின் அது உரிமை. கிடைக்காவிடின், அதனைக் கேட்டுப் பெறும் வேலை நமக்கு இன்னும் எஞ்சியிருக்கின்றது. 1953-ஆம் ஆண்டில் மட்டாஞ்சேரித் தொழிலாளர் தொடங்கியது அவ்வேலையையே.